பங்கைத் திருப்பிக் கேட்கும் கம்பெனி

திருவண்ணாமலையில் திருவூடல் தெரு என்று ஒரு தெரு உண்டு. ஆண்டுதோறும் தை மாதத்தில் அண்ணாமலையாருக்கும் உண்ணாமுலையம்மைக்கும் பிணக்கு ஏற்படும் உற்சவத்தினால் அத்தெருவுக்கு அப்பெயர் வாய்த்தது. 2025-ம் வருஷம் கார்த்திகை தீப உற்சவத்துக்காக அவ்வூர் சென்றிருந்த நாம், தை மாதம் வரையில் காத்திராமலே அங்கு ஓர் ஊடலைக் காணும் பாக்கியம் பெற்றோம். ஊடியவர்கள் தெய்வங்கள் அல்ல; நமக்கு நெடுநாளாய்ப் பழக்கமான ஒரு குடும்பத்தார். பிணக்குக்குக் காரணம் ஒரு கம்பெனியின் கடிதம்.

அன்று நவம்பர் 24-ந் தேதி. கோயிலில் கொடியேறிய தினம். வீட்டுப் பெரியவர் பள்ளி ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவியின் பெயரில் இன்போஸிஸ் கம்பெனியின் பங்குகள் 110 இருந்தன. அந்த அம்மாளின் தகப்பனார் விட்டுச் சென்ற பணத்தில் வாங்கியவை அவை. பெங்களூரில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளையும் தன் சம்பாத்தியத்தில் அதே கம்பெனியின் பங்குகளில் அதே அளவு வாங்கி வைத்திருந்தான். தீபத்துக்காக ஊருக்கு வந்தவன், தாயாருடைய மின்னஞ்சலைத் திறந்து பார்த்தபோது, படிக்கப்படாமல் கிடந்தது அந்தக் கடிதம். "உங்களுடைய பங்குகளை நாமே விலை கொடுத்து வாங்கிக் கொள்ளுகிறோம், விருப்பமிருந்தால் தரலாம்" என்பது அதன் சாரம். பங்கு ஒன்றுக்கு விலை 1,800 ரூபாய். சந்தையிலோ அப்போது விலை 1,500 ரூபாயை ஒட்டியே இருந்தது. கொடுப்பதற்குக் கடைசி நாள் நவம்பர் 26. அதாவது இன்னும் இரண்டே நாள்.

"ஊரில் 1,500-க்குக் கிடைக்கிற சரக்கை 1,800 கொடுத்து வாங்குகிறவன் ஒன்று பைத்தியக்காரன், இல்லாவிட்டால் மோசக்காரன். அந்தக் கடிதத்தைத் தொடாதே!" என்றார் பெரியவர்.

"கண் முன்னே லாபம் வருகிறது. யோசிப்பதற்கு என்ன இருக்கிறது, அப்பா? நானும் கொடுக்கப் போகிறேன், அம்மாவும் கொடுக்கட்டும்" என்றான் பிள்ளை.

அம்மாள் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "கொடுத்தால் யார் கையில் எவ்வளவு மிஞ்சும்? அதை முதலில் சொல்லுங்கள். ஐப்பசி மழையில் பின்கட்டு ஒழுகிற்று, ஓடு மாற்ற வேண்டும்" என்றார்.

மூவர் பேச்சிலும் சரியான கேள்வி இது ஒன்றுதான் என்று நமக்குத் தோன்றிற்று. இக்கேள்வியை விட்டுவிட்டு, விலையை மாத்திரம் பார்த்து மயங்குகிறவர்களும், விலையைப் பார்த்தே மிரளுகிறவர்களும் நம்மிடையே அநேகர். ஆகையால் இவ்விஷயத்தைச் சற்று விவரமாக நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

பங்காளிக் கணக்கு

கம்பெனி தன் பங்கைத் தானே வாங்குவது என்றால் என்ன? பத்துப் பங்காளிகளுக்குப் பொதுவான ஒரு நிலம் இருப்பதாகவும், விளைச்சலில் மிச்சம் பிடித்த பணம் பொதுப் பெட்டியில் இருப்பதாகவும் வைத்துக் கொள்வோம். பங்காளி ஒருவர், "எனக்கு நிலம் வேண்டாம், ரொக்கம் போதும்" என்கிறார். பொதுப் பெட்டியிலிருந்து அவருக்குப் பணம் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். இனி விளைச்சல் ஒன்பது கூறாகப் பிரியும். தங்கினவர் ஒவ்வொருவருக்கும் கூறு சற்றுப் பெரிதாகும். ஆனால் பொதுப் பெட்டியும் அந்த மட்டுக்கு இளைத்துவிட்டது என்பதை மறக்கலாகாது. கம்பெனி செய்வதும் இதுவே. வாங்கிய பங்குகளை அது மறுபடி விற்க வைத்துக் கொள்ளக் கூடாது. அழித்துவிட வேண்டும் என்பது சட்டம்.

ஏன் வாங்குகிறார்கள்? தொழிலுக்குத் தேவையானதற்கு மேல் பணம் சேர்ந்துவிட்டால் அதைப் பங்குதாரருக்குத் திருப்பும் வழிகளில் இது ஒன்று. டாட்டா கன்ஸல்டன்ஸி கம்பெனி 2017-ல் பங்கு ஒன்று 2,850 ரூபாய் வீதம் 16,000 கோடி ரூபாய்க்கு இவ்விதம் வாங்கிற்று. அதே வருஷம் இன்போஸிஸ் 1,150 ரூபாய் வீதம் 13,000 கோடிக்கு வாங்கிற்று. 2025-ல் நாம் சொல்லும் அழைப்பில் இன்போஸிஸ் கேட்டது 10 கோடிப் பங்குகள். மொத்தத் தொகை 18,000 கோடி ரூபாய்.

ஆகவே கடிதம் மோசமன்று. பெரியவரின் சந்தேகத்துக்கு மாத்திரம் ஆதாரமில்லாமல் இல்லை. ஒரு கம்பெனி தன் பங்கைத் தானே வாங்குவது ஒரு காலத்தில் குற்றமாகவே கருதப்பட்டது. 1887-ல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, கடன் கொடுத்தவர்கள் நம்பியிருக்கும் மூலதனத்தைக் கம்பெனி இப்படிக் கரைக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. நமது 1956-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டமும் அதைத் தடுத்தே வைத்திருந்தது. 1998-ல் பிறந்த அவசரச் சட்டமும், 1999-ல் வந்த திருத்தச் சட்டமுமே அக்கதவைத் திறந்தன. திறந்த கதவுக்குத் தாழ்ப்பாள்களும் போடப்பட்டன. மூலதனமும் தாராள நிதியும் சேர்ந்த தொகையில் நூற்றுக்கு 25-க்கு மேல் செலவிடக் கூடாது. நூற்றுக்கு 10-க்கு மேல் போனால் டைரக்டர்களின் தீர்மானம் போதாது. பங்குதாரர்களின் விசேஷத் தீர்மானம் வேண்டும். வாங்கி முடித்த பிறகு கம்பெனியின் கடன் அதன் சொந்த முதலைப் போல் இரண்டு மடங்குக்கு மேற்படக் கூடாது.

இந்தத் தாழ்ப்பாள்கள் வெறும் அலங்காரமல்ல. லார்ஸன் அண்டு டூப்ரோ என்னும் பெரிய கம்பெனி 9,000 கோடி ரூபாய்க்குப் பங்குகளை வாங்க முன்வந்தபோது, கடன் அளவு வரம்பை மீறும் என்று கூறி 2019 ஜனவரியில் 'செபி' என்னும் பங்குச் சந்தைக் கண்காணிப்பு வாரியம் அனுமதி மறுத்துவிட்டது. 2023-ல்தான் அக்கம்பெனி பங்கு ஒன்றுக்கு 3,200 ரூபாய் வீதம் 10,000 கோடிக்கு வாங்க முடிந்தது.

சிறிய கைக்கு ஒரு தனிப் பந்தி

கம்பெனி பங்கு கேட்கிறது என்றால் நம்மிடம் உள்ளதை எல்லாம் வாங்கிக் கொள்ளும் என்று எண்ணுவது தவறு. கேட்பது கொஞ்சம், கொடுக்க நிற்பவர்கள் அதிகம். அதனால் ஒரு 'பதிவுத் தேதி' குறிப்பிடப்படுகிறது. அன்று எவர் பெயரில் பங்கு இருக்கிறதோ அவருக்கே உரிமை. இன்போஸிஸ் விஷயத்தில் அது நவம்பர் 14. மறுநாள் ஓடிப்போய் வாங்கியவருக்கு இதில் இடமில்லை.

பெரிய விருந்தில் வலியவர்கள் முந்திக்கொண்டால் குழந்தைகளுக்கு இலை கிடைக்குமா? அதற்காகத்தான் செபியின் விதி, கேட்கும் பங்குகளில் நூற்றுக்கு 15 பாகத்தைச் சிறிய பங்குதாரர்களுக்கென்று ஒதுக்கி வைக்கும்படி சொல்லுகிறது. பதிவுத் தேதியன்று ஒரு கம்பெனியில் 2 லட்சம் ரூபாய் மதிப்புக்கு மேற்படாமல் பங்கு வைத்திருப்பவரே சிறிய பங்குதாரர்.

இந்தப் பந்தியினால் விளையும் வித்தியாசத்தைப் பாருங்கள். 2025-ல் இன்போஸிஸ் கம்பெனியின் சிறிய பங்குதாரர்களுக்கு 11 பங்குக்கு 2 வீதம் கொடுக்கும் உரிமை கிடைத்தது. மற்றவர்களுக்கோ 706 பங்குக்கு 17 வீதந்தான். நமது அம்மாளின் 110 பங்கின் மதிப்பு சுமார் 1,65,000 ரூபாய். ஆகவே அவர் சிறிய பங்குதாரர். அவர் 20 பங்கு கொடுக்கலாம். மற்றவர்களுக்குரிய வீதம் அவருக்கும் இருந்திருந்தால் மூன்று பங்குகூடக் கிடைத்திராது. உரிமைக்கு மேல் கொடுக்க முன்வருவதற்கும் தடையில்லை. பிறர் தம் உரிமையை விட்டுவிட்டால், அந்த மிச்சத்தில் கொஞ்சம் இவருக்கு வரும்.

பிறர் ஏன் விட்டுவிடுகிறார்கள்? தெரிந்து விடுகிறவர்களும் உண்டு. நாராயணமூர்த்தி, நந்தன் நிலேகனி முதலிய ஸ்தாபகர் குடும்பத்தார் 2025-ல் தங்கள் பங்கைக் கொடுப்பதில்லை என்று முன்னரே அறிவித்துவிட்டார்கள். ஆனால் கடிதத்தைப் பிரிக்காததனால் விடுகிறவர்கள் எத்தனை பேர்! சிறியவருக்காகச் சட்டம் இலை போட்டு வைத்திருக்கிறது. இலை போட்டிருப்பதை அறியாமல் வாசலில் நின்றால் சட்டம் என்ன செய்யும்?

ஒரே கடிதம், இரண்டு விடை

இப்போது அம்மாளின் கேள்விக்கு வருவோம். நாம் காகிதமும் பென்ஸிலும் எடுத்துத் திண்ணையிலே கணக்குப் போட்டோம்.

அம்மாள் 20 பங்கு கொடுத்தால், 1,800 வீதம் வருவது 36,000 ரூபாய். அதே 20 பங்கைச் சந்தையில் 1,500 வீதம் விற்றால் 30,000 ரூபாய். "ஆறாயிரம் லாபம்! நான் சொல்லவில்லையா?" என்றான் பிள்ளை.

பொறு, தம்பி என்றோம். வருமான வரியை யார் பார்ப்பது? இவ்வித வியாபாரத்துக்கு வரி விதிக்கும் முறை அடிக்கடி மாறி வந்திருக்கிறது. 2019 ஜூலை முதல், சந்தையில் பதிவான கம்பெனிகள் தாமே வரியைக் கட்டி வந்தன; பங்குதாரர் கையில் வரியில்லை. 2024 அக்டோபர் 1 முதல் அம்முறை மாறிற்று. கம்பெனி கொடுக்கும் தொகை முழுவதையும் லாப ஈவு போல் பாவித்து, வாங்கியவர் தம் வருமானத்தோடு சேர்த்து வரி கட்ட வேண்டும் என்று ஏற்பட்டது. லாபத்துக்கு மாத்திரமல்ல, முழுத் தொகைக்கும்! பங்கை முதலில் வாங்கிய விலை நஷ்டமாக எழுதப்பட்டு, எட்டு வருஷம் வரையில் பிற மூலதன லாபத்தில் கழித்துக் கொள்ளத்தக்கதாயிற்று. அப்படிக் கழிப்பதற்கு லாபம் வேறு இருந்தால்தானே பிரயோஜனம்? 2025-ல் வந்த இந்த அழைப்பு இச்சட்டத்துக்கு உட்பட்டதே.

அம்மாளுக்குப் பாங்கி வட்டி கொஞ்சம் உண்டு, வேறு வருமானமில்லை. 36,000 ரூபாய் சேர்ந்தாலும் வரி கட்டும் நிலைக்கு அவர் வரமாட்டார். கம்பெனி நூற்றுக்கு 10 வீதம் பிடித்துக் கொண்டாலும், வருமானக் கணக்கைத் தாக்கல் செய்து அந்த 3,600 ரூபாயைத் திரும்பப் பெறலாம். அறுபது வயது கடந்த அவர், வரி கட்ட வேண்டியதில்லை என்று உரிய படிவத்தை முன்னதாகவே கொடுத்திருந்தால் பிடித்தமே இராது. ஆக, அவர் கையில் மிஞ்சுவது முழு 36,000.

பிள்ளையின் கதை வேறு. பழைய முறைப்படி வரி கட்டி வரும் அவன், நூற்றுக்கு 30 வீத வரிசையில் இருப்பவன். அவனும் 20 பங்கு கொடுத்தால் 36,000 வரும். அதில் வரி 10,800. அதன் மேல் நூற்றுக்கு 4 வீதக் கூடுதல் தீர்வை 432. மிஞ்சுவது 24,768 ரூபாய். சந்தையில் விற்றால் வருவதோ 30,000. பங்கு ஒரு வருஷத்துக்கு மேல் பழையது; அவ்வருஷம் அவனுக்கு வேறு மூலதன லாபமும் இல்லை. ஆதலால் சந்தை விற்பனை லாபத்துக்கு, ஆண்டுக்கு 1,25,000 ரூபாய் வரையில் உள்ள விலக்கிலேயே வரி கழிந்துவிடும். ஆக, 1,800 ரூபாய் என்ற பெரிய விலைக்குக் கொடுத்து, 5,000 ரூபாய்க்கு மேல் நஷ்டப்பட இருந்தான்!

பிள்ளை காகிதத்தை வாங்கி இரண்டு தடவை கூட்டிப் பார்த்தான். "அப்படியானால் அம்மா கொடுக்க வேண்டியது, நான் சும்மா இருக்க வேண்டியது" என்றான். ஒரே வீடு, ஒரே கம்பெனி, ஒரே விலை. விடை மட்டும் இரண்டு. விலை எவ்வளவு என்பதைவிட யார் கையில் வந்து சேருகிறது என்பதே பெரிது.

இங்கே ஓர் எச்சரிக்கை. மனைவி பெயரில் கணவன் தன் பணத்தைப் போட்டு வாங்கிய பங்கானால், அதன் வருமானம் கணவனுடைய கணக்கிலேயே சேரும். நமது அம்மாளின் பங்கு பிறந்தகத்துப் பணத்தில் வந்தது. ஆகவே சிக்கல் எழவில்லை. வரிச் சட்டமும் ஆண்டுக்கு ஆண்டு திருத்தத்துக்கு உரியது. நேயர்களுக்கு இத்தகைய கடிதம் எந்த வருஷம் வருகிறதோ, அந்த வருஷத்துச் சட்டத்தைத் தெரிந்தவரிடம் கேட்டுக் கொண்ட பின்பே கை வைக்க வேண்டும்.

கொடுக்கும் விதம்

கொடுப்பது கடினமான காரியமல்ல. பங்குகள் 'டீமாட்' கணக்கில் இருந்தால், அக்கணக்கை நடத்தும் தரகரிடம் எத்தனை பங்கு என்று சொல்ல வேண்டும். பெரும்பாலும் கைத்தொலைபேசியிலேயே செய்துவிடலாம். தரகர் பங்குச் சந்தையின் மூலம் அதைப் பதிந்து ரசீது தருவார். அத்தனை பங்குகளும் கணக்கிலேயே பூட்டி வைக்கப்படும். ஏற்றுக் கொண்டதற்குப் பணம் பாங்கிக் கணக்கில் வரும். ஏற்காத பங்குகளின் பூட்டு திறக்கப்படும். அழைப்பு திறந்திருப்பது ஐந்து வேலை நாட்களே. முன்பு பத்து நாளாயிருந்ததை 2023-ல் குறைத்துவிட்டார்கள். தீர்த்த யாத்திரை போய்த் திரும்பி வந்து பார்க்கலாம் என்றிருந்தால் காரியம் கெட்டுவிடும்.

பழைய காகிதப் பத்திரங்களைப் பெட்டியில் வைத்திருக்கும் குடும்பங்கள் நம் ஊர்களில் இன்னும் உண்டு. 2019 ஏப்ரல் முதல் அவற்றைப் பிறர் பெயருக்கு மாற்றுவது நிறுத்தப்பட்டதால், அவை இனிச் செல்லாக் காசு என்று சிலர் எண்ணிவிட்டார்கள். அது தவறு. கம்பெனியே வாங்கும் அழைப்பில் காகிதப் பத்திரத்தையும் கொடுக்கலாம் என்று செபி 2020-ல் தெளிவுபடுத்தியது. பத்திரத்தோடு கையெழுத்திட்ட மாற்றுப் படிவமும், வருமான வரி அட்டையின் நகலும் வைத்துத் தரகர் மூலம் அனுப்ப வேண்டும். ஏழு வருஷம் தொடர்ந்து லாப ஈவை வாங்காமல் விட்டால் பங்கே சர்க்காரின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும் என்பதையும் பெட்டிக்காரர்கள் நினைவில் வைக்க வேண்டும். உங்கள் பெயரைச் சொல்லித் தொலைபேசியில் ரகசிய எண் கேட்பவன் எவனாயினும், அவன் கம்பெனியைச் சேர்ந்தவன் அல்லன் என்பதையும் வீட்டிலுள்ள எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.

தேசத்துக்கு நன்மையா?

பெரியவர் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். "பணத்தைத் திருப்பிக் கொடுக்கிற கம்பெனி, அதைக் கொண்டு இன்னொரு தொழிற்சாலை ஆரம்பித்தால் பத்துப் பேருக்கு வேலை கிடைக்காதா?"

நல்ல கேள்வி. 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனிக்குப் பங்கு சேர்த்தபோது, ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள் என்று திட்டமிட்டார். அவற்றை வாங்கியவர்கள் லாபத்தை மாத்திரம் எண்ணி வாங்கவில்லை. நம் கடலில் நம் கப்பல் ஓட வேண்டும் என்று வாங்கினார்கள். 1908-ல் அவர் சிறை புகுந்தார். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. அந்தத் தியாகத்தை எந்தக் கணக்கிலும் நஷ்டம் என்று எழுத முடியாது. அதனால் பெரியவரின் கேள்வியை நாம் தள்ளவில்லை. செய்ய வேண்டிய தொழிலைச் செய்யாமல், பங்கின் விலையை உயர்த்திக் காட்டவே ஒரு கம்பெனி இப்படிப் பணத்தைக் கரைக்குமானால், பங்குதாரர் தீர்மானத்துக்கு எதிராக வோட்டுப் போட வேண்டும். தொழிலுக்கு வேண்டியது போக மிஞ்சிய பணமானால், அது டைரக்டர்களின் பெட்டியில் தூங்குவதைவிடக் குடிமக்களின் கைக்கு வருவதே மேல். பின்கட்டுக்கு ஓடு மாற்றுவதும் தேசத்தின் வேலையே. இரண்டில் எது என்று அறிய, வருஷாந்த அறிக்கையைப் படிக்க வேண்டும். பங்கு வைத்திருப்பது என்றால் பங்காளி என்று அர்த்தம். பங்காளிக்குக் கணக்குக் கேட்கும் உரிமையும் உண்டு, கடமையும் உண்டு.

பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக் கொண்டு, கடிதத்தைத் தாமே முதலிலிருந்து கடைசி வரையில் படித்தார். பிறகு, "இருபது பங்கு போகட்டும். மிச்சம் தொண்ணூறு இருக்கட்டும்" என்றார்.

"மிச்சத்தைப் பற்றி நான் அப்புறம் சொல்லுகிறேன்" என்றார் அம்மாள். பங்கு அவருடையதல்லவா!

மறுநாள் காலையில் பிள்ளை தாயாரின் இருபது பங்கைப் பதிந்து ரசீதைக் காட்டினான், தன்னுடையதைத் தொடவில்லை. அழைப்பு முடிந்து ஐந்து வேலை நாட்களுக்குள் பணம் வர வேண்டும் என்பது விதி. விரல் விட்டு எண்ணிப் பார்த்தோம்: டிசம்பர் 3. அன்றுதான் மலைமேல் மகாதீபம். "அண்ணாமலையார் தேதி பார்த்துத்தான் வைத்திருக்கிறார்" என்று சொல்லிக் கொண்டே, கொத்தனாருக்குச் சொல்லி அனுப்பக் கிளம்பினார் அம்மாள்.